வாடகைக்கு எட்டு வீடு

அன்பு மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போடு. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் வேலை மாறி மான்செஸ்டருக்குப் போய்விட்டாள்.

வயசான பிறகு நாம் நாலைந்து பேர் அவரவர் வீடு, பொதுவாக ஒரு கூடம் என்று சேர்ந்து இருக்க முடியாதா என்று கேட்டிருந்தாய். கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்புகளுக்குக் கேட்கிற பணம் நம்மால் ஆகாது என்றும் எழுதியிருந்தாய். அதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

லண்டனின் வடக்குக் கோடியில், ஹை பார்னெட்டில், நியூ கிரவுண்ட் என்று ஒரு கோஹவுசிங், அதாவது நீ கேட்ட மாதிரி சேர்ந்து வாழும் குடியிருப்பு, இருக்கிறது. ஐம்பது வயசு தாண்டிய பெண்களுக்கு மட்டும். மொத்தம் 25 வீடு. ஒவ்வொருத்திக்கும் தனி வாசல், தனி சமையலறை. பொதுக்கூடம், தோட்டம், துணி துவைக்க ஓர் அறை, விருந்தாளி தங்க ஓர் அறை எல்லாம் எல்லோருக்கும் பொது. வார்டன் கிடையாது, நிர்வாகம் அவர்களே. ஒருத்திக்கு முடியவில்லை என்றால் மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், கடைக்குப் போய் வருவார்கள். படுக்கையில் வைத்துப் பார்க்கிற பொறுப்பை ஏற்றுக்கொள்வதில்லை. அது சரியான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன்.

அந்த 25-ல் 17 வீடு பணம் கட்டி நீண்ட காலக் குத்தகைக்கு வாங்கியவை. மீதி 8 வீடு குறைந்த வாடகைக்கு. என் மனசு அந்த எட்டு வீட்டில்தான் நிற்கிறது. இருந்த வீட்டை விற்றுவிட்டு வருகிறவளுக்கு எங்கேயாவது ஒரு வழி கிடைத்துவிடும். ஆயுசு முழுக்க வாடகை கொடுத்தே கழித்தவள், அரசாங்க பென்ஷனைத் தவிர வேறு எதுவும் இல்லாதவள் எங்கே போவாள்?

அந்த எட்டும் லேசில் வரவில்லை. நெதர்லாந்தில் வயசானவர்கள் இப்படிச் சேர்ந்து வாழ்வதைப் பற்றி மரியா பிரென்டன் என்ற ஆய்வாளர் இங்கே வந்து பேச, கேட்ட பெண்கள் சிலர் 1998-ல் குழுவாகச் சேர்ந்தார்கள். வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும் இடம் வேண்டும் என்பதை அவர்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நிலத்தை வாங்கிக் கட்டியது ஹனோவர் என்ற வீட்டுவசதிச் சங்கம். வாடகை வீடுகளுக்கு டியூடர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை மானியம் கொடுத்தது. அவை ஹவுசிங் ஃபார் விமன் என்ற சங்கத்தின் கைக்குப் போயின. குடி வந்தது 2016 கடைசியில். பதினெட்டு வருஷம், மல்லிகா! அறுபதில் சேர்ந்தவளுக்கு அப்போது எழுபத்தெட்டு ஆகியிருக்கும். காசு உள்ளவள் அதுவரை தன் வீட்டில் இருந்து காத்திருப்பாள். வீட்டுக்காரர் எப்போது காலி பண்ணச் சொல்வாரோ என்று இருக்கிறவளால் அது முடியுமா? எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இப்படித் தவிக்கிறவர்களில் இன்னொரு ரகமும் உண்டு. இங்கே ஏழை முதியவர்களின் வாடகைக்கு அரசு உதவி இருக்கிறது. ஆனால் சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக அது கிடைக்காது. அந்தக் காசில் லண்டனில் வீடு வாங்கவும் முடியாது. என்னோடு வேலை பார்த்த நர்சுகளில் பலர் இந்த நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஆபிங்டனில், எல்டர்ஸ்பிரிட் என்று இதே மாதிரி ஒரு குடியிருப்பு. முன்னாள் கன்னியாஸ்திரீகள் சிலர் ஆரம்பித்தது. அங்கே 29 வீட்டில் 16 குறைந்த வருமானக்காரர்களுக்கான வாடகை வீடு, பாதிக்கும் மேல்! மனசு வைத்தால் கணக்கை அப்படியும் போடலாம்.

அதனால் உங்கள் கூட்டத்தில் நிலம் பார்க்கும் முன்னால் ரெண்டு விஷயம் பேசு. பணம் போட முடியாதவர்கள் யார் யார் என்று முதலில் எழுதி, அவர்களுக்கான வீட்டை முதல் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது நடக்காது. அப்புறம், நிலம் தனி ஆள் பேரில் வேண்டாம், பதிவு செய்த டிரஸ்ட் பேரில் இருக்கட்டும். ஒருத்தி போன பிறகு அவள் பிள்ளைகள் பங்கு கேட்டு வந்தால் மற்றவர்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும். நல்ல வக்கீலிடம் கேள்.

ஒவ்வொருவராலும் மாசம் எவ்வளவு முடியும் என்று விசாரித்து எழுது. உங்கள் சத்துணவுக்கூட ஆயாவையும் விட்டுவிடாதே. ஜனவரியில் வருகிறேன். வக்கீலைப் பார்க்க நானும் கூட வருவேன்.

அன்புடன்,
சாந்தி