பெயர் சொல்லாமல் சென்ற ஓட்டோ ஓட்டுநருக்கு நன்றி

உப்புவெளி வீதியோரத்தில் என் கணவர் மயங்கி விழுந்த மாலையில், அவரைத் தூக்கி உங்கள் ஓட்டோவில் ஏற்றித் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, நான் வந்து சேரும்வரை அவர் அருகிலேயே நின்ற தம்பிக்கு இந்த நன்றியைத் தெரிவிக்கின்றேன். அன்றிரவே அவர் காலமானார். ஆனாலும் அவர் தனியாக இருக்கவில்லை.

மறுநாள், ஓட்டோவில் கிடந்த அவருடைய டென்னிஸ் மட்டையையும் குறிப்புப் புத்தகத்தையும் மழையில் நனையாதபடி பொலித்தீன் பையில் சுற்றி, அயல் வீட்டில் கொடுத்துவிட்டுச் சென்றிருக்கிறீர்கள். பெற்றோல் காசுகூட வாங்கவில்லையாம்.

சீனன்குடா விமானத்தளத்தில் இறங்கும் ஒவ்வொரு விமானத்தின் வகையையும், நேரத்தையும், காற்றடித்த திசையையும் அவர் அப்புத்தகத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அங்கிருந்து ஹரிக்கேன் போர் விமானங்கள் எதிர்த்துக் கிளம்பிய கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் தேநீர் குடித்து எழுந்தவர் எவருமில்லை. டென்னிஸில், 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்ற ராமநாதன் கிருஷ்ணனே அவருக்குத் தெய்வம். (என் சமையலைக்கூட அவ்வளவு புகழ்ந்ததில்லை.) வியர்வையில் கறுத்துப்போன அந்த மட்டையின் கைப்பிடியை நான் இன்னும் துடைக்கவில்லை.

இந்தத் தம்பியை அறிந்தவர்கள், என் கணவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அவர் குடும்பத்துடன் வரவேண்டுமென நான் கேட்டுக்கொண்டதாகத் தயவுசெய்து தெரிவியுங்கள்.