உம்மா குடித்த சீனியில்லாத பிளேன்டி

அன்புள்ள எல்லோருக்கும்,

முந்தாநாள் பகல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது இரண்டு கிலோ நூறு கிராம். தாயும் மகளும் தூங்குகிறார்கள். வெளியே மழை. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. கடைசி மூன்று வாரம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. கை நடுக்கம் அடங்குவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும். ஆறப்போட்டால் வெட்கம் வந்து எழுதாமலே விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

இரத்தம் கொடுக்க ராத்திரியோடு ராத்திரியாக வேன் பிடித்து வந்த பொடியன்கள், சீட்டில் தன் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த, தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீட்டு அக்கா, கொட்டாஞ்சேனையில் மாதக்கணக்கில் சோறு போட்ட சித்தி, ஃபெக்டரியில் என் ராத்திரி வேலையைப் பங்குபோட்டுச் செய்த கூட்டாளிகள், பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசி என் மனைவியைச் சிரிக்கவைத்த நர்ஸ் மிஸ், டாக்டர்மார், ஆய்வுகூடத்துப் பிள்ளைகள். ஒவ்வொருவர் வாசலுக்கும் நேரில் வருவேன். இன்றைக்கு இந்த ஒரு வரியோடு மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் இந்த மடல் பஜாரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் நானாவுக்கும் அவருடைய உம்மாவுக்கும். அதோடு ஊருக்கு ஒரு அறிவித்தலும் இருக்கிறது. உம்மாவுக்குச் சீனி வருத்தம் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. இனிமேல் தயவுசெய்து யாரும் அவருக்குப் பாகற்காய் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

நடந்தது இதுதான். பிள்ளை வேண்டிச் செய்த சிகிச்சையில், கருமுட்டை வளர மனைவிக்குத் தினமும் சாயந்தரம் ஒரே நேரத்தில் வயிற்றில் ஊசி போட வேண்டும். ஊசி மருந்தைக் குளிரில் வைக்கச் சொன்னார்கள். எங்கள் மலைக் குளிர் போதாதா மிஸ் என்று கேட்டேன். 2 பாகையிலிருந்து 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறைந்தும் போகக்கூடாது என்றார். எங்கள் காம்பராவில் ஃபிரிஜ் இல்லை. லயத்தில் மூன்று வீட்டில் இருக்கிறது. ஆனால் அங்கே கொடுத்தால் மறுநாள் காலை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அதுதான் பேச்சு. கடைசியில் நானாவிடம் போய், “ஒரு மருந்துப் பெட்டி, கொஞ்ச நாளைக்கு உங்க ஃபிரிஜ்ஜில வைக்கலாமா?” என்று கேட்டேன். என்ன மருந்து என்று அவர் கேட்கவில்லை. யோகட் தட்டை ஒதுக்கிவிட்டு நடுத் தட்டில் இடம் செய்தார். “பின்னுக்கு வச்சா ஐஸ் புடிக்கும் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிஜ் என்பதை நான் யோசிக்கவில்லை. சோடா எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டி தெரியும். மறுநாள் போனபோது அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நீலப் பேனையில் “இன்சுலின் - உம்மா”.

சரி, பொய்யோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா கடையில் வந்து உட்காருவார். கையில் பால் விடாத பிளேன்டி, பக்கத்தில் சிரட்டையளவு கித்துள் கருப்பட்டி. அதைக் கடித்துக் கடித்துக் குடிப்பதுதான் அவருக்கு அந்த நாளின் சந்தோஷம், பஜாரே அறியும். இன்சுலின் போடுகிற ஆள் ஊர் பார்க்கக் கருப்பட்டி கடிக்க முடியுமா? நாங்கள் ஊசியோடு கொழும்புக்குப் புறப்படும்வரை ஏழு நாள் உம்மா வெறும் சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாகற்காய் கொண்டு வந்தவர்களிடம் வாங்கி வைத்து, “அல்லாஹ் போதுமானவன்” என்றார். அந்த முறை எங்களுக்குச் சரிவரவில்லை. ஐந்து மாதம் கழித்து இரண்டாவது பெட்டியோடு போய் நின்றபோது மறுபடியும் தாள் ஒட்டப்பட்டது, மறுபடியும் ஏழு நாள். நான் மன்னிப்புக் கேட்டேன். “ஒரு புள்ளைக்காக ஏழு நாள் சீனியில்லாமக் குடிச்சா நான் மௌத்தாகிடுவேனா மகன்?” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவேயில்லை.

அந்த இரண்டாம் தடவையில் ஒருநாள் மத்தியானமே கரண்ட் போய்விட்டது. நான் வேலை முடிந்து ஓடினேன். நானா மீன்காரரிடம் ஐஸ் வாங்கி அகல வாய் பிளாஸ்க்கில் போட்டு, மேலே துவாய் சுற்றி, அதற்கு மேல் மருந்தை வைத்திருந்தார். ஐஸ் நேரே பட்டால் மருந்து உறைந்துவிடும் என்று எப்போதோ சொன்னதை நானே மறந்திருந்தேன். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் உலுக்கிய உலுக்கலில் அந்த பிளாஸ்க்கை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் கொழும்பு போனோம்.

இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களுக்காக ஒரு கிழவி சொன்ன பொய்யைத் திருப்பி வாங்க வேண்டுமென்றால், நான் மறைத்ததையும் சொல்ல வேண்டும். குறை என்னுடையது. என் மனைவியுடையது இல்லை. ஆறு வருடம் காப்புக் கல்யாணத்துக்கும் பெயர் வைப்புக்கும் போய்ப் பின் வரிசையில் நின்றவள் அவள். கர்ப்பப்பைக் குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தது அவளுக்கு, மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஈர உடுப்போடு உருண்டது அவள். ஒரு போத்தலில் விந்து கொடுப்பதுதான் எனக்கான பரிசோதனை. அதற்கு நான் போக ஆறு வருடம் எடுத்தது. முதலில் பார்த்த இடத்திலும் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மில்லிலீட்டர் விந்தில் 16 மில்லியன் விந்தணு என்பது 2021ல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்ன கீழ் அளவு. எனக்கு இரண்டு மில்லியன்கூட இல்லை. சின்ன வயதில் கூகைக்கட்டு வந்ததா, தேயிலை காயவைக்கும் டிரையர் பக்கத்தில் எத்தனை வருடம் வேலை, சிகரெட் உண்டா என்றெல்லாம் டாக்டர் கேட்டார். பிறகு தொட்டுப் பார்த்துச் சொன்னார்: விதைப்பைக்கு மேலே இடப்பக்க நாளங்கள் புடைத்திருக்கின்றன, வெரிகோசீல். மலையேறும் பெண்களின் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறதே, அது மாதிரி. சின்ன ஒப்பரேசன்தான். ஆனால் ஒரு விந்தணு உருவாகி வர ஏறக்குறைய 74 நாளாம், அதனால் மூன்று மாதம் பொறுத்துத்தான் திரும்பப் பார்த்தார்கள். ஐந்து மில்லியனாகியிருந்தது. அது போதாமல்தான் இக்சி. ஒரேயொரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் ஊசியால் வைக்கிறார்கள். அப்படி முதல் பிள்ளை பெல்ஜியத்தில் பிறந்தது 1992ல். நான் பிறந்ததும் அந்த வருடம்தான். மனைவி இன்னும் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது என்றார் டாக்டர். இதை எங்கள் தோட்டத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால் நான் ஒன்று நினைத்திருக்கிறேன். கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டியும் தங்கவில்லை என்று எந்தத் தம்பி சொன்னாலும், அவன் மனைவியை எங்கேயும் அனுப்புவதற்கு முன் அவனை நானே ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போவேன். கதவுக்கு வெளியே நிற்பேன். ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிற பொடியன்களும் கேட்டுக்கொள்ளுங்கள், அது விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். அந்த டாக்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னது இது.

பிள்ளை அசைகிறாள், பால் நேரம்.

நானா, பிளாஸ்க் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. மூடியில் ஒரு கீறல் விழுந்துவிட்டது, கோபிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அஸருக்குப் பிறகு கொண்டுவருகிறேன். பிளேன்டி ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். உம்மாவுக்குக் கருப்பட்டி நான் வாங்கி வருகிறேன்.