தண்ணீர் சுமக்கிறவர்கள்

அன்புள்ள கண்ணம்மா,

கச்சேரி, சைக்கிள் பந்தயம், சாகச நாவல், இந்த மூன்றுக்கும் என்னம்மா சம்பந்தம், எப்படி மூன்றின் மேலும் இவ்வளவு பைத்தியமாக இருக்கிறாய் என்று போனில் கேட்டாய். சம்பந்தம் இருக்கிறது. ஆனால் போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சைக்கிளில் ஆரம்பிக்கிறேன். உனக்கு அதில்தான் பொறுமை குறைவு.

டூர் டி பிரான்ஸில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். மூன்று வாரம், 21 கட்டங்கள், மொத்தம் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அந்த எட்டுப் பேரில் மஞ்சள் ஜெர்ஸிக்கு, அதாவது மொத்தப் பந்தயத்திலும் முதலிடத்தில் இருப்பவர் போடும் சட்டைக்கு, ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் ஒருவர்தான். மற்ற ஏழு பேரும் அவருக்காக ஓட்டுகிறார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது முன்னால் போகிறவர்களை விட்டுவிடு. கூட்டத்தின் வால் பக்கம் பார். ஒருவர் வேண்டுமென்றே பின்தங்கி அணியின் காருக்குப் பக்கத்தில் வருவார். ஒரு கை ஹேண்டில்பாரில் இருக்கும். மறு கை கார் ஜன்னலிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக வாங்கும். முதுகுப் பக்கப் பைகள் நிறைந்ததும் கழுத்து வழியாக ஜெர்ஸிக்குள்ளேயே போட்டுக்கொள்வார். அரை லிட்டர் பாட்டில் எட்டு என்றால் நாலு கிலோ. சைக்கிளே குறைந்தது 6.8 கிலோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி, அப்படியென்றால் அந்த நாலு கிலோ எவ்வளவு பெரிய பாரம் என்று யோசித்துப் பார். அதைச் சுமந்துகொண்டு, கார்களின் இடுக்கில் புகுந்து, கூட்டத்தை மறுபடி பிடித்து, தன் ஆட்களைத் தேடித் தேடி ஒவ்வொருவருக்கும் பாட்டிலை நீட்டுவார். கொடுத்து முடித்ததும் முன்னால் போய்க் காற்றுக்கு முகம் கொடுத்து ஓட்ட ஆரம்பிப்பார். அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். கடைசி மலையில் தலைவர் தனியாகப் பாய்ந்து போகிறார் பார், அந்தக் கால்களில் இருப்பது இந்த மிச்சம்தான்.

ஒரு காலத்தில் உதவி என்பதே குற்றமாக இருந்தது. 1913இல் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவர் ஜெயிக்கும் நிலையில் இருந்தார். தூர்மலே மலையில் அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்தது. வேறு சைக்கிள் வாங்கக் கூடாது, ரிப்பேரை அவரே செய்ய வேண்டும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, கீழே சென்ட்-மாரி-தெ-காம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, இரும்பைக் காய்ச்சித் தானே அடித்துச் சேர்த்தார். கூடவே வந்து நின்ற அதிகாரிகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை மட்டும் ஒரு பையன் ஊதிக் கொடுத்தான். அதற்காக அவருக்கு அபராத நேரம் போட்டார்கள்! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் அது.

அப்புறம் விதிகள் மாறின, அணிகள் வந்தன, உதவி செய்வதே ஒரு தொழிலானது. அதிலும் வலி இருக்கிறது. 1934இல் ரெனே வியெத்தோவுக்கு இருபது வயது. பிரெஞ்சு அணியில் புதிதாகச் சேர்ந்த பையன், ஆனால் மலையில் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. பிரனீஸ் மலை இறக்கத்தில் அணித் தலைவர் அந்தோனன் மாஞ்ஞின் முன்சக்கரம் போய்விட்டது. வியெத்தோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேறு சக்கரம் வரும்வரை வழியோரம் காத்திருந்தார். மறுநாள் மாஞ்சுக்கு மறுபடியும் கோளாறு. இந்தத் தடவை வியெத்தோ முன்னால் போய்க்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் திரும்பி, இறங்கி வந்த மலையிலேயே மேல்நோக்கி ஏறிப்போய்த் தன் சைக்கிளைக் கொடுத்தார். மாஞ் அந்த வருஷம் டூரை ஜெயித்தார். வியெத்தோவுக்கு ஐந்தாவது இடமும் மலையரசன் பரிசும் கிடைத்தன. பின்னால் சில வருஷங்கள் மஞ்சள் ஜெர்ஸியைப் போட்டுக்கூட ஓட்டினார், டூரை மட்டும் கடைசிவரை ஜெயிக்கவே இல்லை. கல்சுவர் ஓரத்தில் சக்கரமில்லாத சைக்கிளோடு அவர் காத்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது, தேடிப் பார். தியாகம் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் பெருமை வருவதில்லை. அந்தப் பையனுக்காக ஒருவரும் திரும்பி வரவில்லையே என்றுதான் தோன்றுகிறது.

சரி, நாவல்களுக்கு வருகிறேன். நான் எதற்காக மறுபடி மறுபடி அவற்றைப் படிக்கிறேன் என்றால், அங்கே திரும்பி வருகிறார்கள்.

ஜூல் வெர்னின் எண்பது நாள் உலகப் பயணக் கதை 1872இல் பத்திரிகைத் தொடராக வந்தது. இருபதாயிரம் பவுண்டு பந்தயம் ஃபிலியஸ் ஃபாக்குடையது, ஆனால் கதையில் முக்கியமான வேலையெல்லாம் வேலைக்காரர் பாஸ்பார்த்து செய்கிறார். சிதையில் செத்த ராஜாவைப் போல எழுந்து நின்று, உடன்கட்டை ஏற்றப்படவிருந்த அவுதா என்ற பெண்ணைக் காப்பாற்றுகிறவர் அவர். கடைசியில், இன்று ஞாயிறு இல்லை, சனி, கெடு இன்னும் முடியவில்லை என்று கண்டுபிடித்து ஓடி வந்து சொல்கிறவரும் அவர்தான். ஆனால் எனக்குப் பிடித்த இடம் நடுவில் வருகிறது. அமெரிக்காவில் ரயிலைத் தாக்கியவர்கள் பாஸ்பார்த்துவைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ரயில் கிளம்பப் போகிறது. நிமிஷக் கணக்கில் உலகத்தைச் சுற்றுகிற ஃபாக் ரயிலை விட்டுவிடுகிறார், பந்தயத்தையே விட்டுவிடுகிறார், சிப்பாய்களோடு பனியில் அவரைத் தேடிப் போகிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லாத அந்த மனிதர் மேல் எனக்கு அன்பு வந்தது அங்கேதான். இதே ஃபாக், பாஸ்பார்த்து அணைக்க மறந்துபோன கேஸ் விளக்கு 1,920 மணி நேரம் எரிந்த செலவைக் கடைசியில் அவர் பங்கில் கழித்துக்கொண்டுதான் பணத்தைக் கொடுக்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் மனிதர்.

நம் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள். பெயர் அருள்மொழிவர்மருடையது, ஐந்து பாகத்தையும் குதிரை மேல் சுமந்து போவது ஓலை கொண்டுபோகிற வந்தியத்தேவன். இளவரசரைக் காப்பாற்ற நினைத்துத் தவறான கப்பலில் மாட்டிக்கொள்வது அவன். அவனுக்காகச் சுழல்காற்றுக்குள் இறங்குவது இளவரசர். அப்புறம் இரண்டு பேரையும் கரை சேர்க்கப் படகோட்டி வருகிறவள் பூங்குழலி. யார் யாருக்கு உதவி என்று பிரித்துச் சொல்லவே முடியாதபடி கல்கி அதை எழுதியிருக்கிறார். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பூங்குழலி வருகிற பக்கங்களை மட்டும் எடுத்துப் படிப்பாயே, நினைவிருக்கிறதா?

கச்சேரி எனக்கு இந்த இரண்டுக்கும் முன்னாலேயே பிடித்தது. என் காது எப்போதும் பக்கவாத்தியத்தின் பக்கம்தான் போகும். ஆலாபனை நடக்கும்போது வயலினைக் கேள். எந்த ராகம் வரப்போகிறது என்றுகூட வயலின்காரருக்குச் சில சமயம் தெரியாது. பாடகர் ஒரு பிடியைப் பாடுவார், வயலின் அரை அடி பின்னால் அதே வழியில் போகும். பாடகர் மூச்சு வாங்க நிறுத்துகிற அந்த நொடியில், அவர் விட்ட ஸ்வரத்தை வயலின் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். ராகம் தரையில் விழாது. பாடகர் மறுபடி வாயைத் திறந்ததும் வில் தானாக மெலிந்து வழிவிடும். நல்ல பக்கவாத்தியக்காரர் எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவர். மெதுவாகப் போகிற விளம்ப காலக் கிருதியில் மிருதங்கக்காரர் சும்மா இருக்கும் இடங்களைக் கவனித்தாலே அவர் யார் என்று தெரிந்துவிடும். பின்னால் உட்கார்ந்து தம்புராவின் நாலு தந்திகளையும் மீட்டிக்கொண்டே இருக்கிறவருக்கோ தனியாக வாசிக்க ஒரு நிமிஷமும் கிடையாது. அதை நிறுத்திவிட்டால் மேடையில் எல்லோருக்கும் கால் வைக்க இடமில்லை.

அப்புறம் தனி ஆவர்த்தனம் வரும், மிருதங்கம் தனியாக வாசிக்கிற பகுதி. பாதி சபை எழுந்து வெளியே போகிற நேரம் அது, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. அப்போது பாடகரைப் பார்க்க வேண்டும். அதுவரை எல்லோரையும் தன் பின்னால் வரவைத்தவர், இப்போது தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மிருதங்கம் எவ்வளவு சிக்கலான கணக்குக்குள் போனாலும், அது திரும்பி வந்து சேர வேண்டிய சமத்தை, தாளம் தொடங்குகிற அந்த இடத்தை, அவர் கை காத்துக்கொண்டிருக்கும். சில நிமிஷம் அவர்தான் பக்கவாத்தியம். மேடையில் நான் பார்த்ததிலேயே அழகான காரியம் அதுதான் என்று சத்தியமாகச் சொல்வேன்.

இப்போது புரிந்திருக்கும், ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை 2023இல் நான் ஏன் விட்டத்துக்கும் தரைக்குமாகக் குதித்துக்கொண்டு பார்த்தேன் என்று. தலைவர்களுக்கு உதவி செய்வதே வேலையாக இருந்த செப் கஸ் அந்த வருஷம் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தில் தன் அணித் தலைவர்களில் ஒருவரான ரோக்லிச்சுக்காக ஓட்டினார், ரோக்லிச் ஜெயித்தார். டூரில் இன்னொரு தலைவர் விங்கெகோவுக்காக ஓட்டினார், விங்கெகோ ஜெயித்தார். மூன்றாவதாக ஸ்பெயினில், முதலிடத்துக்கான சிவப்பு ஜெர்ஸி தற்செயலாகக் கஸ்ஸின் முதுகில் வந்து உட்கார்ந்தது. ஆங்லிரு மலையில், மேகத்துக்குள், அந்த இரண்டு தலைவர்களும் அவரை விட்டுவிட்டு முன்னால் போனார்கள். ஜெர்ஸி எட்டே நொடியில் தப்பியது. அன்றைக்குக் கடைசிவரை அவர் பக்கத்தில் இருந்தது வேறு அணிக்காரரான மிகேல் லாண்டா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து இரண்டு பேரும் அவருக்காக ஓட்டினார்கள். கஸ் முதலிடம், விங்கெகோ இரண்டு, ரோக்லிச் மூன்று. வருஷக்கணக்காகத் தண்ணீர் சுமந்தவருக்குத் தலைவர்கள் தாளம் போட்டார்கள். கொஞ்சம் தாமதமாக, ஊரே கேட்ட பிறகு போட்டார்கள். ஆனாலும் போட்டார்கள்.

ராத்திரியெல்லாம் நீ உட்கார்ந்து செய்த வேலையை இன்னொருவர் தன் பெயரில் கொண்டுபோய்க் காட்டினார் என்று சொன்னாயே, அன்றைக்கு உனக்கு ஆறுதலாக எதுவும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கவாத்தியமாக இருப்பது பெருமைதான் என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த நான் தயாராக இல்லை. நீ வாசிக்கும்போது யாராவது தாளம் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்கு. இப்போது உன்னிடமும் நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்கிறாய். அவர்கள் பெயர்களை எனக்கு எழுது, அடுத்த தடவை பேசும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும்.

டூர் ஜூலையில். லீவு கிடைத்தால் மலை நாட்கள் வருகிற வாரமாகப் பார்த்துப் போடு. சமதள நாட்களை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். வரும்போது வெர்ன் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வா, என் பிரதி உன்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா