அப்பாவுக்கு, கோவா ஆட்டத்துக்கு மறுநாள்

அப்பா,

மாத்திரை டப்பாவை டிவி ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். ராத்திரி ஆட்டம் முடிந்து டிவியை அணைக்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது. சனிக்கிழமை ராத்திரிக்கான அறை திறக்காமல் அப்படியே இருந்தது. உடனே அக்காவுக்குப் போன் பண்ணினேன். அங்கே ஒரு அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

2-1. சென்னையின் எஃப்.சி. ஃபுட்பால் ஆட்டத்தின் முடிவைக் காலையில் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரை இருப்பதாகத்தான் பேச்சு. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போதே, “அக்கா வீட்ல தண்ணி லாரி வருதாம், ஆள் வேணும், நான் கிளம்பறேன்” என்றீர்கள். விரலில் வைத்த மை இன்னும் கறுப்பாக இருந்தது. அரக்கோணத்தில் அன்றைக்கு எந்த லாரியும் வரவில்லை. அக்காவிடம் நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். ஏழரை மணி ஆட்டத்துக்கு முன்னால் என் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் உங்களுக்கு.

இதைப் போனில் சொல்லப் பார்த்தேன். “சாப்டீங்களா”வுக்கு மேலே வாய் வரவில்லை. எல்லாரும் படிக்கிற இந்தப் பக்கத்தில் எழுதினால் மாமா எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவார், நீங்கள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ரெண்டு தரம் படிப்பீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். ஊரே படிக்கும் என்று தெரியும். சிலதைத் தொடாமல்தான் போவேன்.

2014 டிசம்பர் 16. மற்றவர்களுக்காக ஒரு வரி: இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஃபுட்பாலின் முதல் வருஷம், லீக்கில் முதல் இடம் பிடித்த சென்னையின் எஃப்.சி., அரையிறுதியில் கொச்சியில் மூன்று கோல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தது. ரெண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. நேரு ஸ்டேடியத்தில் மூன்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். சில்வெஸ்ட்ர் ஒன்று, கேரளாக்காரர்களே தங்கள் கோலுக்குள் போட்டுக்கொண்டது ஒன்று, தொண்ணூறாவது நிமிஷம் ஜேஜே. மீதி உங்களுக்குத் தெரியும்.

தெரிந்தாலும் அந்த ஒரு நிமிஷத்தை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜேஜே அடித்ததும் நீங்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டீர்கள். எனக்கு முப்பது வயது, அதற்கு முன்னால் நீங்கள் என்னைக் கட்டிப் பிடித்ததாக ஞாபகமே இல்லை. உங்கள் சட்டையில் வேர்க்கடலைத் தோல் ஒட்டியிருந்தது. எக்ஸ்ட்ரா டைம் முழுக்க நீங்கள் உட்காரவில்லை. ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஃபேக்டரி மைதானத்தில் லெஃப்ட் விங் ஆடின ஆள் அல்லவா, பந்து இருக்கிற இடத்தைப் பார்க்க மாட்டீர்கள், இல்லாத இடத்தைத்தான் பார்ப்பீர்கள். இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடித்தால் பெனால்டி. அப்போது சொன்னீர்கள்: “எல்லாரும் மேல ஏறிட்டானுங்க பாரு. பின்னாடி ஆளே இல்ல.”

117-வது நிமிஷம். கேரளாவின் பியர்சன். கோல்.

மேளம் நின்றது. மஞ்சள் சட்டை கேரளா ரசிகர்கள் இருந்த மூலை மட்டும் இரைந்தது. நான் உங்கள் பக்கம் திரும்பினேன். “வாய வெச்சீங்களே! உங்க ராசியே இதுதான். நீங்க வராம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்.” முன் வரிசையில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. கையில் மீதி இருந்த கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். மூர் மார்க்கெட்டில் வண்டி ஏறினோம். பெரம்பூரில் இறங்கி வீடு வரைக்கும் எனக்கு நாலடி பின்னாலேயே நடந்து வந்தீர்கள். வாசலில், “காலையில ஷிப்ட் இருக்கு” என்று மட்டும் சொன்னீர்கள்.

கோபத்தில் வந்த வார்த்தை. தோற்ற நேரத்தில் எல்லாரும் எதையாவது சொல்வார்கள். இதைப் பத்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் அதைக் கோபத்தில் வந்த வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லையே. தீர்ப்பாக அல்லவா எடுத்துக்கொண்டீர்கள்.

2015-ல் வெள்ளம் வந்து நம் ஊர் அரையிறுதியே புனேவுக்குப் போனது. ஃபைனல் நடந்த ராத்திரி நீங்கள் டிவி இல்லாத டீக்கடையாகப் பார்த்துப் போய் உட்கார்ந்திருந்தீர்கள். கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2. கடைசி நிமிஷம் வரை பின்தங்கியிருந்து, மென்டோசா அடித்து ஜெயித்தது. 2018 மார்ச் 17 ஃபைனலுக்கு நான் பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் இருந்தேன். கூப்பிட்டேன், முழங்கால் வலி என்றீர்கள். ஒன்பதாவது நிமிஷமே பெங்களூரின் சேத்ரி அடித்தார். மனசு கேட்காமல் வீட்டுக்குப் போன் பண்ணினால் அம்மா சொல்கிறாள்: “அவரு அப்பவே மொட்டை மாடிக்குப் போய்ட்டாருடா. முடிஞ்சதும் குரல் குடுன்னாரு.” நம் மைல்சன் ரெண்டு, ரஃபேல் ஒன்று, மறுபடி 3-2, ரெண்டாவது கோப்பை. அந்த அணியில் நம் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் இருந்தான். அவனைப் பற்றி ஊரெல்லாம் பேசின நீங்கள், அவன் கோப்பையைத் தூக்கியபோது மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருட்டில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

2020 ஃபைனலுக்கு நான்தான் விடாப்பிடியாக உட்கார வைத்தேன். கொரோனா, கோவாவின் ஃபட்டோர்டாவில் ஒரு ரசிகர்கூட இல்லை, ஸ்டேடியமே காலி, இதில் என்ன ராசி என்றேன். நம் வால்ஸ்கிஸ் ஒன்று திருப்பிக் கொடுத்தபோது நாற்காலி நுனிக்கு வந்தீர்கள். கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3, நாம் 1. எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டீர்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் கணக்கு சரியாகிவிட்டது: பார்த்த ரெண்டும் தோல்வி, பார்க்காத ரெண்டும் கோப்பை.

மன்னிப்பு கேட்கத்தான் இதை ஆரம்பித்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது?

எனக்கு எட்டு வயது. ஃபேக்டரியில் உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கும் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கும் ஆட்டம். சைக்கிள் முன் கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனீர்கள். தோற்றீர்கள். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, சுற்றி நின்றவர்களிடம் சொன்னீர்கள்: “இவன் வந்தாலே தோக்கறோம்யா.” அவர்கள் சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. நீங்கள் ஆடி நான் பார்த்தது அத்தோடு சரி. லெஃப்ட் விங்கில் நீங்கள் எப்படி ஓடுவீர்கள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அதே வார்த்தையைச் சொன்னீர்கள். அதை இங்கே எழுத மாட்டேன், அவள் படிப்பாள். எனக்கு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

பழிக்குப் பழி வாங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிமிஷத்தில் சைக்கிளும் பூட்ஸும் எதுவும் என் ஞாபகத்தில் இல்லை. நீங்கள் பேசினது மாதிரியே பேசினேன். உங்கள் பிள்ளை வேறு எப்படிப் பேசுவான்? இதுவும் சப்பைக்கட்டு மாதிரித்தான் படுகிறது. அப்படியே இருக்கட்டும், அழிக்கவில்லை.

நேற்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். நாலு வருஷம் கழித்து பிளே ஆஃப், ஆறாவது இடத்தில் முடித்து உள்ளே நுழைந்தது. ஒரே ஆட்டம், தோற்றால் வீடு, அதுவும் கோவாவில். 36-வது நிமிஷம் கோவாவின் நோவா அடித்தார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவர்களின் பிராண்டன். இடைவேளைக்குள்ளேயே நம் சிர்கோவிச் ஒன்று திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு பாதி ஆட்டம் முழுசாக இருந்தது, ஒரு கோல்தான் வேண்டும். கிடைக்கவில்லை. அவர்கள் நம்மைவிட நன்றாக ஆடினார்கள். ஆட்டம் தெரிந்தவர் நீங்கள், பார்த்திருந்தால் எங்கே ஆள் இல்லை என்று சொல்லியிருப்பீர்கள்.

விசில் அடித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. பக்கத்தில் உங்கள் பேரன் அழுதான். ஆனால் அந்த வருத்தத்துக்குள்ளே எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதைச் சொல்லத்தான் இத்தனையும். நீங்கள் பார்க்கவில்லை. பெரம்பூரிலேயே இல்லை. அப்படியும் தோற்றோம். ஜெயித்திருந்தால் உங்கள் கணக்கு இன்னும் கெட்டியாகியிருக்கும், இந்த ஜென்மத்தில் என்னோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்க மாட்டீர்கள். என் டீம் தோற்றதில் எனக்கு நிம்மதி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அப்பா. பியர்சன் அடித்தது பின்னால் ஆள் இல்லாததால். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், சொன்னீர்கள்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் பேரனோடு அரக்கோணம் வருகிறேன். மாத்திரை டப்பாவை எடுத்து வருகிறேன். சனிக்கிழமை ஆட்டத்தையும் முழுசாக என் போனில் போட்டுக் காட்டுகிறேன். முடிவுதான் தெரிந்துவிட்டதே. ரெண்டாவது கோல் போனபோது நம் பக்கம் யார் எங்கே நின்றார்கள் என்று இவனுக்குச் சொல்லிக் கொடுங்கள், எனக்கு விளக்கத் தெரியவில்லை. மொட்டை மாடிக்குப் போகாதீர்கள், வெயில் ஜாஸ்தி.