டோஸைக் குறைப்பதா, இடைவெளியைக் கூட்டுவதா?

செம்பூர், மும்பை

அன்பு மாப்ள,

மகள் பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்தது கேட்டு மகிழ்ச்சி. நம் கால்நடை மருத்துவத் தொழிலுக்கே வரப்போகிறாளா? வரட்டும்.

இங்கே மழை விட்டபாடில்லை. தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலக்கிறது, அதனால் லெப்டோ (லெப்டோஸ்பைரோசிஸ், கிட்னியைக் கெடுக்கும் கிருமித் தொற்று) வந்த நாய்கள் கிளினிக்குக்கு வருகின்றன. கிட்னி கெட்ட விலங்குக்கு ஆன்டிபயாடிக் டோஸைக் குறைப்பதா, இடைவெளியைக் கூட்டுவதா என்று நீ கேட்ட கேள்வி எனக்கும் தினமும் வருவதுதான். கிட்னி போன நாய்க்கு எல்லா ஆன்டிபயாடிக்கையும் பாதியாக்குவது சரியில்லை. மருந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்று முதலில் பார்.

ஜென்டாமைசின், அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசிகள் உடம்பில் மாறாமல் சிறுநீரில்தான் போகும். கிட்னியின் வடிகட்டல் குறைந்தால் ரத்தத்திலேயே நின்றுவிடும். அது மட்டுமா, கிட்னியின் குழாய்ச் செல்களில் சேர்ந்து, மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுக்கும். கிருமியைக் கொல்வது மருந்தின் உச்ச அளவு. கிட்னியைக் காப்பது அடுத்த ஊசிக்கு முன் அளவு நன்றாக இறங்குவது. ஆகவே கொடுத்தே தீர வேண்டுமென்றால் டோஸைக் குறைக்காமல் இடைவெளியைக் கூட்டு. லெப்டோ நாய்க்கு நான் அந்தப் பக்கமே போவதில்லை. வாந்தி நிற்கும்வரை ஆம்பிசிலின் ஊசி, அப்புறம் இரண்டு வாரம் டாக்ஸிசைக்ளின். ஆம்பிசிலினும் கிட்னி வழியாகத்தான் போகிறது, ஆனால் கொஞ்சம் தேங்கினாலும் பெரிய ஆபத்தில்லை. டாக்ஸிக்குப் பெரும்பாலும் குடல்தான் வழி.

பூனைதான் பயமுறுத்துகிறது. மாட்டுங்கா மாமி ஒருவர் தன் கிழட்டுப் பூனையைக் கொண்டுவந்தார். எலும்பும் தோலுமாக இருந்தது. சிரிஞ்சில் எடுத்த சிறுநீர் வெறும் தண்ணீர் மாதிரி நீர்த்திருந்தது, கிட்னி தளர்ந்ததற்கு அடையாளம். வேறோர் இடத்தில் கிரியேட்டினின் (சதையிலிருந்து வரும் கழிவு, கிட்னி சோதனைக்கு ரத்தத்தில் அளப்பது) பார்த்து ‘நார்மல்’ என்று என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார்கள். முக்கால்வாசி கிட்னி போன பிறகுதான் கிரியேட்டினின் ஏறும். சதை வற்றிய பூனையில் அப்போதும் குறைவாகவே காட்டும். என்ரோஃப்ளாக்சசின் பூனைக்கு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரைக்கு ஆபத்து. கிட்னி தளர்ந்திருந்தால் அந்த 5-ஐயும் நம்ப முடியாது. டார்ச் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்த்தேன். சுருங்கியது, நல்லவேளை. மருந்தை மாற்றிவிட்டேன்.

உன் பண்ணை விஷயத்துக்கு வருகிறேன். மருந்து லேபிளில் இருக்கும் பால் விலக்கு நாட்கள் (மருந்து போட்டபின் பாலை விற்கக் கூடாத நாட்கள்) நல்ல கிட்னி உள்ள மாட்டுக்குக் கணக்கிட்டவை. மடிநோய் முற்றி நீர் வற்றிக் கிடக்கும் மாட்டுக்கு அது போதாது. சொசைட்டிக்குப் பால் ஊற்றும்முன் அதில் மருந்து மிச்சமிருக்கிறதா என்று சோதித்துவிடு. ஜென்டாமைசின் போட்டிருந்தால் அந்த மாட்டின் கிட்னியில் மருந்து மாதக்கணக்கில் தங்கும், இறைச்சிக்கு விற்பவர்களிடம் மறக்காமல் சொல்.

பொங்கலுக்கு வருகிறேன். உன் பண்ணை மாட்டுக்கு என்ன மருந்து கொடுத்தாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்