நீதிபதி லேர்னெட் ஹேண்ட் பற்றி நண்பருக்குக் கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை முடிந்து, மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தில் கண்டு நிம்மதியடைந்தேன். இங்கு அனைவரும் நலம். ஓய்வுக்குப் பின் பழைய அமெரிக்கத் தீர்ப்புகளைப் படித்துவருகிறேன்; அவற்றுள் நீதிபதி லேர்னெட் ஹேண்ட் 1917 ஜூலையில் வழங்கிய ஒன்றைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதிபர் டாஃப்ட் 1909இல் அவரை நியூயார்க்கின் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நியமித்தபோது அவருக்கு வயது 37. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய சில மாதங்களில், 'தி மாசஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகையின் ஆகஸ்டு இதழைத் தபாலில் அனுப்ப அதிகாரிகள் மறுத்துவிட, வழக்கு அவரிடம் வந்தது. நான்கு கேலிச்சித்திரங்களும் சில எழுத்துகளும் போர் முயற்சிக்கு இடையூறு செய்வதையும் குற்றமாக்கிய புதிய உளவுச் சட்டத்துக்கு விரோதமானவை என்பது அரசின் வாதம். ஒரு சித்திரத்தில் சுதந்திர மணி உடைந்து கிடந்தது. அரசையும் போரையும் எவ்வளவு கடுமையாகச் சாடினாலும், சட்டத்தை மீறும்படி நேரடியாகத் தூண்டாத வரையில் அந்தப் பேச்சைத் தடுக்கும் நோக்கம் நாடாளுமன்றத்துக்கு இருந்ததாகக் கொள்ள முடியாது என்று கூறி, இதழை மறுக்கக் கூடாதென்று ஹேண்ட் தபால் துறைக்குத் தடை விதித்தார். போர்வெறி ஊரெங்கும் பற்றியெரிந்த நேரத்தில், அரசியலமைப்பைத் துணைக்கு அழைக்காமல், சட்டத்தின் சொற்களை மட்டும் ஊன்றிப் படித்தே அவர் இந்த முடிவுக்கு வந்தார் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. அதே நீதிமன்றத்தில் காலியான இடத்துக்கு ஹேண்டின் பெயர் பேசப்பட்டும், 1918இல் அது மார்ட்டின் மேன்டனுக்குப் போயிற்று. அந்த மேன்டன் வழக்காடிகளிடம் பணம் வாங்கிய விவகாரத்தில் 1939இல் பதவி விலகி, பின்னர் சிறையும் சென்றார் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. ஹேண்டுக்கு அந்த உயர்வு 1924இல்தான், அதிபர் கூலிட்ஜ் காலத்தில் கிடைத்தது.

1918இல் ரயில் பயணத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸைச் சந்தித்த ஹேண்ட், கருத்துரிமை பற்றிக் கடிதம் வழியாகவும் அவரிடம் வாதாடினார். மறு ஆண்டு, அரசை எதிர்த்துத் துண்டறிக்கை வெளியிட்டவர்கள் மீதான ஏப்ரம்ஸ் வழக்கில், பெரும்பான்மையோடு உடன்படாமல் கருத்துரிமைக்கு ஆதரவாக ஹோம்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் அந்த வாதங்களுக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே கருதுகிறேன். ஹேண்ட் 1961இல் காலமானார். தூண்டுதலை அளவுகோலாகக் கொண்ட அவரது பார்வைக்கு நெருங்கிய நிலையை உச்ச நீதிமன்றம் 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில்தான் எடுத்தது.

ஆனால் இதே ஹேண்ட், 1950இல் டென்னிஸ் வழக்கில், அரசை வன்முறையால் கவிழ்க்கப் போதிக்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர்களின் தண்டனையை உறுதிசெய்தார். மேலிருந்த நீதிமன்றத்தின் முன்தீர்ப்புகள் அவர் கையைக் கட்டின என்பது உண்மையே. ஆயினும், அவர் விரும்பியிருந்தால் வேறு வழி கண்டிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. நீதிமன்றத்தில் நெடுங்காலம் வாதாடிய நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
நண்பன்