கம்பி வலை வேண்டாம், பிள்ளை

ஒட்டுசுட்டான்,
வைகாசி 12

அன்புள்ள மகளுக்கு,

நானும் தம்பியும் சுகம். நீயும் மருமகனும் பேரனும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறேன். கோயில் பொங்கல் நெருங்குகிறது. சோளகக் காற்றும் தொடங்கிவிட்டது. முற்றத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பினால் மறுபடி சருகு கிடக்கிறது.

ஜேர்மனியிலிருந்து நீ அனுப்பிய, நீங்கள் வளர்க்கும் ஆமையின் வீடியோவை எட்டுத் தடவையாவது பார்த்திருப்பேன். பச்சைப் புல்தரை, சுற்றிவரப் பச்சைக் கம்பி வலை, நடுவே ஒரு தண்ணீர்த் தட்டு. ஆமை விளையாடுகிறது என்று பேரன் சந்தோஷமாகச் சொல்கிறான். அது விளையாடவில்லை, பிள்ளை. வலை ஓரமாகவே போகிறது. மூலைக்குப் போனதும் முன்னங்கால் இரண்டையும் கம்பியில் வைத்து எழும்புகிறது, சறுக்கி விழுகிறது, திரும்பி வந்த வழியே போகிறது. இரண்டு நிமிட வீடியோவில் ஒரு தடவைகூட நடுப் புல்லுக்கு வரவில்லை. வலையோரம் புல் தேய்ந்து மண் தெரிகிறதே, கவனித்தாயா? அது ஒரு நாளில் விழுந்த தடம் அல்ல.

தொலைபேசியில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதில் பேசுவது அரைவாசி கேட்காது. கேட்டதையும் நீ வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் மறந்துவிடுவாய். எழுதி வைத்தால் மருமகனுக்கும் காட்டலாம், பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

2009 இல் உனக்குப் பதினான்கு வயது. முகாமில் இருந்த அந்த மாதங்களில் நீயும் இப்படித்தான் முள்ளுக்கம்பி ஓரம் நடந்தாய். காலையில் எழும்பினால் கம்பியடி. அப்பால் பஸ் போவது தெரியும், உறவுகளைத் தேடி வந்த சனம் நிற்பது தெரியும். தெரிகிறபடியால் கால் அங்கேயே போகும். கூடாரத்துக்குள் வெக்கை, வெளியே ஒரு மரம் இல்லை. அத்தனை பேர் கண்ணிலும் படாமல் ஒரு பெண்பிள்ளை ஒதுங்கிக் குந்துவதற்கு ஒரு பற்றை இல்லை. கம்பியைவிட அதுதான் உன்னை வாட்டியது, எனக்குத் தெரியும். வீடியோவைப் பார்த்ததும் என் நெஞ்சில் வந்தது அந்த நடைதான். வந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மருமகனிடம் சொல், அந்த வலையைக் கழற்றிவிட்டுப் பலகை அடைக்கட்டும், அல்லது கல் அடுக்கட்டும். அப்பால் இருப்பது கண்ணில் படும்வரை அங்கே போகலாம் என்றுதான் ஆமை முட்டிக்கொண்டிருக்கும். தெரியாவிட்டால் கொஞ்ச நாளில் திரும்பித் தன் பாட்டைப் பார்க்கும். இப்போது உள்ளங்கை அளவாக இருந்தாலும் வளர்ந்தால் ஒரு சாண் வரும். ஆகையால் மண்ணுக்கு மேலே ஒன்றரை அடி, மண்ணுக்குள் ஒரு அடி இருக்க வேண்டும். ஆமை தோண்டாது என்று நினைக்காதீர்கள், நன்றாகத் தோண்டும். மூலைதான் பெரிய கள்ளன். இரண்டு பக்கமும் கால் கொடுத்து ஏறிவிடும். கல் என்றால் மூலையை வளைத்துக் கட்டலாம். பலகை என்றால் மூலைக்கு மேலே முக்கோணமாக ஒரு துண்டை அறைந்துவிடுங்கள்.

வேலி விடயத்தில் நான் சொல்வதை நம்பலாம். மீள்குடியேறி வந்தபோது இந்த வளவில் சாம்பலும் எருக்கலையும்தான் நின்றன. அப்பா இல்லை, தம்பி சிறுவன். கூலிக்கு ஆள் பிடிக்கக் காசும் இல்லை. அலவாங்கை நானே எடுத்து ஒரு முழம் குழி போட்டுக் கிளுவையும் பூவரசும் வெட்டிக் கதியால் நட்டேன். பெண்பிள்ளை வேலி அடைக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அடுத்த மாரியில் எல்லாக் கதியாலும் தளிர்த்தது. இன்றைக்கும் அந்த வேலிதான் நிற்கிறது.

அடுத்தது இடம். படத்தில் நிழல் விழுகிற பக்கத்தைப் பார்த்தால் நீங்கள் வீட்டுக்கு வடக்கே வைத்திருக்கிறீர்கள் போல் தெரிகிறது. இங்கே வெயிலுக்கு ஒளித்துத் திரிகிற நாங்கள் நிழல் விழுகிற இடத்தைத்தான் நல்ல இடம் என்போம். அங்கே அது சரிவராது. உங்கள் ஹெர்மன் ஆமையின் ஊர் ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம் என்று தெற்கு ஐரோப்பா. கல்லும் பற்றையும் வெயிலும் உள்ள நிலம். ஜேர்மனியில் அதற்கு வெயில்தான் அருமை. வீட்டின் தெற்குப் பக்கத்தில், காலை வெயில் முதலில் விழும் இடத்தைக் கொடுங்கள். குளிர்ந்து கிடக்கும் ஆமை வெயிலில் காய்ந்தபிறகுதான் தின்னவே தொடங்கும்.

குளிருக்காகக் கண்ணாடிக் கூடு ஒன்று வைத்து உள்ளே சூடு தரும் விளக்குப் போடப்போவதாகச் சொன்னாய். நல்லது, உங்கள் சித்திரை வைகாசிக்கு அது வேண்டும். ஆனால் சாதாரணக் கண்ணாடி சூட்டை உள்ளே விட்டாலும், விற்றமின் டி உண்டாக வேண்டிய புற ஊதாக் கதிரை மறித்துவிடும். அது கிடைக்காவிட்டால் தின்கிற கல்சியம் உடம்பில் சேராது, ஓடு மெதுத்துப்போகும். கூட்டின் வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டும், ஆமை தானாக வெளியே வந்து நேர் வெயிலில் காய வேண்டும். காகத்துக்காக மேலே வலை போடுவது பரவாயில்லை. வலை வெயிலை மறிக்காது. இரவில் கூட்டுக்குள் விட்டுப் பூட்டுங்கள். நரியும் எலியும் அங்கேயும் உண்டு என்று நீதான் சொன்னாய். மரநாய்போல ஒன்று காரின் வயரைக் கடித்தது என்றும் சொன்னாய். வயரைக் கடிக்கிறது ஆமையின் காலை விடுமா?

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில், முதல் மழைக்கு மறுநாள் விடியப்புறம், கிணற்றடிக்குப் போனபோது காலைத் தூக்கி வைக்கப்போன இடத்தில் புல் அசைந்தது. குனிந்து பார்த்தால் நட்சத்திர ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கீற்றுக்கள் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் கதிர்போல விரிந்து கிடந்தன. கையில் எடுத்துப் பார்த்தால் இதைவிடப் பளிச்சென்று ஒன்றும் இல்லை என்று தோன்றும். புல்லுக்குள் கிடக்கும்போதோ அந்தக் கீற்றும் காய்ந்த புல்லும் ஒன்றாகிவிடும். இரண்டடி தள்ளி நின்றால் ஆமையே இல்லை. என்னைக் கண்டதும் 'புஸ்' என்று மூச்சை விட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. நான் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மூக்கு வந்தது, பிறகு ஒரு கண். பிறகு மாட்டுக் குளம்பு பதிந்த குழியில் தேங்கிய தண்ணீருக்குள் முகத்தைத் தாழ்த்திக் குடித்தது. தொண்டைத் தோல் ஏறி இறங்குவதை எண்ணலாம்போல இருந்தது. குடித்து முடித்து, விழுந்து கிடந்த செவ்வரத்தம் பூவை இரண்டு கடியில் பாதியாக்கிவிட்டு, நேரே ஈச்சம் பற்றைக்குள் போய்விட்டது. திறந்த வெளியில் அது நின்ற நேரம் பத்து நிமிடம் வராது. மற்ற நேரமெல்லாம் மறைவுதான். இப்போது சோளகத்தில் அதைக் காணவே முடியாது. பற்றைக்குள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மாரி வந்தால்தான் அதன் நடமாட்டம்.

பக்கத்து வளவுப் பையன் ஒருநாள் இப்படி ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தான், வளர்க்கப்போகிறானாம். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்லி நானும் கூடவே போனேன். இலங்கையில் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அதைப் பெட்டி பெட்டியாகக் கடத்தி விற்கிறார்கள் என்பதால்தான் 2019 இல், நாடுவிட்டு நாடு நடக்கும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான முதலாம் இணைப்பில் சேர்த்தார்கள். உங்கள் ஆமை பண்ணையில் பிறந்து, படம் ஒட்டிய சான்றிதழோடு வந்தது என்று நீ சொன்னபிறகுதான் எனக்கு மனம் ஆறியது. 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று ஊரில் யாராவது உனக்குச் சொன்னால் காதில் போடாதே. இந்த வளவுக்குள் ஆமை வந்துபோகிறது, நாங்கள் உருப்பட்டுத்தான் இருக்கிறோம். நான் வேலியின் அடியில் ஒரு சாண் இடைவெளிகூட விட்டிருக்கிறேன் அதற்காக.

ஆகவே பிள்ளை, தோட்டக்கடையில் அழகான பூச்செடி பார்க்க முன் மறைவுச் செடியைப் பார். லவெண்டர், ரோஸ்மேரி போன்றவை அதன் ஊர்ப் பற்றைகள். குளிரையும் ஓரளவு தாங்கும். ஒன்றை இங்கே ஒன்றை அங்கே என்று வரிசையாக நடாமல் மூன்று நான்கை நெருக்கி நடுங்கள், அடியில் ஆமை புகுந்து கிடக்கட்டும். உயரமான புல்லை ஒரு மூலையில் வெட்டாமல் விடுங்கள். மருமகனுக்குப் புல் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த மூலையை மட்டும் எனக்காக விடச் சொல்.

தின்பதற்கு, நீங்கள் பிடுங்கி எறிகிற களைதான் நல்லது. லோவென்சான் என்று மஞ்சள் பூச்செடி ஒன்றைக் காட்டினாயே, சிங்கப்பல் என்று அர்த்தம் சொன்னாய், அதுவும், இலையில் நீளவாக்கில் நரம்பு ஓடிய வேகெரிஷும் தாராளமாக முளைக்கட்டும். செவ்வரத்தையில் குளிர் தாங்கும் இனம் அங்கே உண்டு. இலையும் பூவும் இரண்டுமே தின்னும். நட்டதும் ஆமையை விடாதே. இளஞ்செடியை ஒரு நாளில் மொட்டையடித்துவிடும். பாதி இடத்தைப் பலகையால் மறித்து வைத்து, மற்றப் பாதி தின்று தீர்ந்ததும் மாற்றிவிடு. மாட்டுக்குப் புல் விடுவதுபோலத்தான்.

பேரன் வாழைப்பழமும் தக்காளியும் கொடுக்கிறான் என்று படத்தில் கண்டேன். அன்போடுதான் கொடுக்கிறான், ஆனால் அந்த இனிப்பு அதன் வயிற்றைக் கெடுக்கும். அதன் குடல் நாருக்காகப் படைக்கப்பட்டது. அவன் தன் கையால் ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் கணவாய் ஓடு ஒன்றை உள்ளே வைக்கட்டும். முல்லைத்தீவுக் கடற்கரையில் நீ பொறுக்கி விளையாடிய அதே வெள்ளை ஓடுதான். அங்கே குருவித் தீன் விற்கும் கடையில் இருக்கும். வேண்டியபோது தானே வந்து கொறிக்கும், கல்சியம் கிடைக்கும்.

வாசலில் சட்டியில் நிற்கிறதே சிவப்பு அலரி, அதை ஆமைக்கு எட்டாத இடத்துக்கு மாற்று. அதன் இலை காற்றில் வந்து உள்ளே விழுவதுகூடக் கூடாது. றொடோடென்றன் செடியும் நஞ்சு என்கிறார்கள். வேலியோரம் நிற்பது அதுவா என்று பார்.

நிலத்தை மட்டமாக வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் நின்றால் ஆமைக்குச் சளி பிடிக்கும். அரை அடி தோண்டிச் சரளைக் கல் பரப்பி, மேலே மண்ணும் மணலும் கலந்து போட்டுத் தெற்குப் பார்த்த மாதிரி ஒரு சிறு மேடு கட்டுங்கள். பெண் ஆமையாக இருந்தால் ஒரு காலம் முட்டை இடவும் அதுதான் இடம். தட்டையான கல் இரண்டு மூன்று வையுங்கள், வெயிலில் சூடேறும். கவிழ்ந்தால் கால் பிடித்துப் புரளவும் ஏதாவது வேண்டும். மல்லாந்து வெயிலில் கிடந்தால் செத்துப்போகும். பேரன் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்க்கட்டும். தண்ணீர்த் தட்டை மண்ணுக்குள் பதித்து வை; ஆமையின் தாடைக்கு மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. அதற்குள்ளேயே மலசலமும் கழித்துவிடும், ஆகையால் தினமும் கழுவ வேண்டும்.

பனிக்காலத்தில் ஐந்து பாகை குளிரில் மாதக்கணக்காக உறங்கும் என்று நீ சொன்னதைக் கேட்டு நான் பயந்தேன். நம் ஊர் ஆமைக்கு அப்படிச் செய்தால் செத்துவிடும். உங்கள் ஆமை அப்படிப் பிறந்த இனம். உறங்கவிடுமுன் வைத்தியரிடம் காட்டிவிடு, அவ்வளவுதான்.

எல்லாம் செய்து முடித்ததும் ஒரு வேலை இருக்கிறது. பேரனைக் குப்புறப் படுக்கச் சொல். நாடி மண்ணில் பட வேண்டும், அந்த உயரத்தில்தான் ஆமையின் கண். அங்கிருந்து பார்க்கும்போது எங்கே ஒளிக்கலாம் என்று அவனுக்கு மூன்று இடமாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் செடி நடுங்கள். பிறகு கைத்தொலைபேசியையும் அதே உயரத்தில் வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஆமை அதில் விழ வேண்டியதில்லை. அதற்கு என்ன தெரிகிறது என்று பார்க்கத்தான் ஆசை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. மருமகனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா